புடையன் கடிக்கு மருந்து: கம்பனியோடு கூட்டுச் சேரலாமா?

வெங்காயத்தோட்டம்:
போன மாதம் விடியப்புறம் இறைப்புக்குப் போன மாமாவைப் புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடித்துவிட்டது. ரோச் லைட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வாய்க்காலை மாற்றக் குனிந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாய் ஒன்றில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தார்கள். பிறகு சரித்துப் பார்த்தால் உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. 20 குப்பி மருந்து ஏற்றினார்கள். பாதியில் உடம்பெல்லாம் தடித்து, கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம். இப்போது வீட்டில் இருக்கிறார்.

அந்த மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அதைச் செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி சென்னைக்குப் பக்கத்தில் இருளர் கூட்டுறவுச் சங்கம் பிடிக்கிற பாம்புகளில் எடுப்பது. எங்கட இலங்கைப் புடையன் இரத்தத்தைக் கெடுப்பதோடு கண் இமையையும் சரித்துவிடும். அந்த நரம்புப் பாதிப்புக்கு இந்திய மருந்து அவ்வளவாக எடுபடுவதில்லை. எங்கள் யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இலிருந்து இருக்கிறது, நோயாளிகளுக்கும் குறைவில்லை. தொழிற்சாலையும் பணமும் உள்ள ஒரு கம்பனியைச் சேர்த்துக்கொண்டு எங்கட பாம்புக்கு எங்கட மருந்து செய்தால் என்ன? அரசு தனியாகச் செய்யுமென்று பார்த்துக்கொண்டிருந்தால் மாமாவின் பேரனுக்கும் இதே குப்பிதான்.

மருந்துக்கடை_அக்கா:
மாமா தப்பியது பெரிய விஷயம், தம்பி. ஆனால் கம்பனியை நம்பிக் கிணற்றில் இறங்காதீர்கள். ஆபிரிக்கப் பாம்புகளுக்கு சனோபி கம்பனி ஃபாவ்-ஆஃப்ரிக் என்று நல்ல மருந்து செய்தது. லாபம் இல்லையென்று 2014இல் நிறுத்திவிட்டது. பாம்பு கடிப்பது வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போகிறவனை. அவனிடம் என்ன காசு இருக்கிறது?

இன்னொன்று. மருந்து ஏற்ற முதல் தோலுக்குக் கீழே கொஞ்சம் அட்ரினலின் போட்டால் அந்த மாதிரி ஒவ்வாமை குறையும். இதை உறுதிப்படுத்தியது இலங்கையில் ஆயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு, 2011இல் வெளிவந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. அட்ரினலின் சல்லிக்காசு மருந்து, யாருக்கும் அதில் காப்புரிமை இல்லை. எந்தக் கம்பனி இந்த ஆய்வுக்குக் காசு போடும் சொல்லுங்கள்?

மூன்றாம்_வருடம்:
அக்கா சொல்வதில் பாதிதான் சரி. நைஜீரியாவில் சுருட்டைப் பாம்புக்கு மருந்து எப்படி வந்தது? (எங்கட மணல் பக்கத்துச் சுருட்டையின் சொந்தக்காரப் பாம்புதான்.) அந்நாட்டு சுகாதார அமைச்சும் பிரித்தானிய ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள். ஒரு மருந்தை வேல்ஸில் உள்ள மைக்ரோஃபார்ம் என்ற சிறு கம்பனி செய்தது, மற்றதை கொஸ்தாரிக்கா பல்கலைக்கழகத்தின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் செய்தது. 2010இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள், இரண்டுமே வேலை செய்தன.

மருந்துக்கடை_அக்கா:
அதைத்தான் நானும் சொல்கிறேன் தங்கச்சி! கொஸ்தாரிக்காக்காரர் யார்? அரசுப் பல்கலைக்கழகம். அவர்களே குதிரை வளர்க்கிறார்கள், அவர்களே மருந்து செய்கிறார்கள்.

நெடுந்தீவான்:
குதிரை என்றால் எங்கட தீவுக்கு வாருங்கள். நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரத்தம் எடுத்து, அதிலிருந்துதானே மருந்து செய்வது? கோடையில் தண்ணீர் இல்லாமல் எலும்பும் தோலுமாக நிற்கிறதுகள். நஞ்சு ஏற்ற முதல் யாராவது ஒரு வாளி தண்ணீர் வையுங்கள்.

வெங்காயத்தோட்டம்:
நெடுந்தீவான் அண்ணை, சிரித்துவிட்டேன். ஆனால் கதை அதுதான். அரசே குதிரை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் அந்த வாளித் தண்ணீருக்கே ரெண்டர் போடுவார்கள். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் நின்றோமே, மறந்தா போச்சு?

கம்பனியைக் கட்டிப்போட வழியும் இருக்கிறது. ஆபிரிக்காவுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி செய்தபோது விலையைத்தான் முதலில் தீர்மானித்தார்கள்: ஓர் ஊசி அரை டொலருக்குள். அதற்குச் சம்மதித்த கம்பனிக்குத்தான், இந்தியாவின் சீரம் நிறுவனத்துக்கு, தொழில்நுட்பத்தைக் கொடுத்தார்கள். 2010இல் புர்கினா பாசோவில் போடத் தொடங்கினார்கள்.

மருந்துக்கடை_அக்கா:
நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். அதே சீரம் நிறுவனத்தின் இன்னொரு கதையையும் கேளுங்கள். ஒக்ஸ்போர்ட் கொரோனா தடுப்பூசி பெரும்பாலும் பொதுப்பணத்தில் உருவானது. எங்களுக்கு வந்தது சீரம் செய்த கொவிஷீல்ட். 2021இல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் முதல் ஊசி போட்ட லட்சக்கணக்கான ஆட்கள் இரண்டாவதுக்குக் காத்துக் கிடந்தார்கள். யூலைக் கடைசியில் ஜப்பான் கொடுத்த பிறகுதான் வழி பிறந்தது. அப்போ விலை குறைவாக இருந்தால் மட்டும் போதுமா? மருந்து யாருக்கு முதலில் என்பதையும் எழுத வேண்டும். கம்பனி விலகினால் செய்முறை பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டும். மாமாவின் இரத்த மாதிரியை வேறு ஆய்வுக்கு எடுத்தால் அவரைக் கேட்க வேண்டும். இதையெல்லாம் இங்கே யார் எழுதுவார்கள்? கையெழுத்து கொழும்பில், கடி வாங்குவது நாங்கள்.

மூன்றாம்_வருடம்:
எழுதத் தெரிந்த ஆட்கள் பீடத்திலேயே இருக்கிறார்கள் அக்கா. அவர்களை மேசைக்குக் கூப்பிடுவதில்தான் இழுபறி.

மருந்துக்கடை_அக்கா:
கூப்பிட்டால் சொல்லு, நானும் வாறன். தம்பி, மாமாவுக்கு அட்ரினலின் போட்டார்களா என்று டயக்னோசிஸ் கார்ட்டில் ஒருக்கா பாருங்கள்.

வெங்காயத்தோட்டம்:
இப்போதான் எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும்தான் அந்த நடுக்கம்.

மருந்துக்கடை_அக்கா:
போடாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கலாம்.

வெங்காயத்தோட்டம்:
இருக்கலாம் அக்கா. ஆனால் மாமா இன்று விடியவும் இறைப்புக்குப் போய்விட்டார். வாங்கிக் கொடுத்த பூட்ஸ் விறாந்தையில் கிடக்கிறது.