முடுக்கி இயக்கும் உலை: கே சரியாக வருகிறது, ஆற்றல் ஈட்டம் மட்டும் ஆறில் ஒரு பங்கே வருகிறது

கேள்வி

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக, 1994-இல் செர்ன் ஆய்வகத்தில் கார்லோ ரூபியா குழுவினர் நடத்திய ‘ஃபீட்’ சோதனையை ஒத்த ஓர் அமைப்பை, துகள்களின் பயணத்தைப் பின்தொடரும் ஜியன்ட்4 நிரலில் உருவகப்படுத்தி வருகிறேன். தானாகத் தொடர்வினையை நிலைநிறுத்த முடியாத உலையை, முடுக்கியிலிருந்து வரும் புரோட்டான்களால் இயக்கும் அமைப்பு இது. சாதாரண நீரில் மூழ்கிய இயற்கை யுரேனியத் தண்டுகளின் நடுவே 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்களைச் செலுத்துகிறேன். அச்சோதனையில் பெருக்கக் காரணி கே (ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கு அடுத்த தலைமுறை எத்தனை மடங்கு என்பது) ஏறத்தாழ 0.895 என்றும், 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும் ஆற்றல் ஈட்டம் (புரோட்டான் கொண்டுவந்த ஆற்றலைப்போல் எத்தனை மடங்கு வெளிப்படுகிறது என்பது) ஏறத்தாழ 30 என்றும் அவர்கள் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒரு பிளவுக்கு 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால், ஈட்டம் 30 வர ஒரு புரோட்டானுக்குச் சராசரியாக 150 பிளவுகள் நிகழ வேண்டும். எனக்கோ 24 பிளவுகளே கிடைக்கின்றன. ஈட்டம் 5-ஐக்கூட எட்டவில்லை. என்னைக் குழப்புவது இதுதான்: அதே வடிவமைப்பை ஓப்பன்எம்சி என்ற இன்னொரு நியூட்ரான் நிரலில் கொடுத்து மாறுநிலைக் கணக்கீடு (கேயை நேரடியாகக் காணும் கணக்கீடு) செய்தால் கே 0.89 என்று ஒழுங்காக வருகிறது. ஆகவே தண்டுகளின் இடைவெளியிலோ நீரின் அடர்த்தியிலோ தவறு இருப்பதாகத் தெரியவில்லை. எங்கே தேடுவது?

பதில் 1

முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரான் தரவு நூலகம். 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அளவிடப்பட்ட தரவைப் பயன்படுத்தும், ‘எச்பி’ என்று முடியும் மாதிரியைச் சேர்க்காவிட்டால், யுரேனியம் 235-இன் பிளவுக் குறுக்குவெட்டு (பிளவு நிகழும் வாய்ப்பின் அளவு) மெதுவான வெப்ப நியூட்ரான்களிடம் 585 பார்ன் வரை உயர்வது உங்கள் நிரலுக்குச் சரியாகத் தெரியாது. எந்தெந்தத் துகள் வினைகளைக் கணக்கிட வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் உங்கள் இயற்பியல் பட்டியலின் பெயர் என்ன?

கேட்டவர்

‘கியூஜிஎஸ்பி பிஐசி எச்பி’ என்ற ஆயத்தப் பட்டியலிலிருந்து ஹாட்ரான் (புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்கள்) பகுதியை எடுத்து, மற்றவற்றை நானே சேர்த்து ஒரு பட்டியல் எழுதியிருக்கிறேன். ஓட்டம் தொடங்கும்போது தரவு நூலகம் ஏற்றப்படும் வரிகள் திரையில் தெரிகின்றன. ஆகவே அது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில் 2

நீரில் உள்ள ஹைட்ரஜனுக்கு வெப்பச் சிதறல் தரவு பொருந்தியிருக்கிறதா? 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஹைட்ரஜன் தனி அணுவாக அல்லாமல் மூலக்கூறில் பிணைந்ததாகவே நடந்துகொள்கிறது. ஜியன்ட்4 இதைத் தனிமத்தின் பெயரை வைத்தே அடையாளம் காணும். ‘டிஎஸ் எச் ஆஃப் வாட்டர்’ என்ற பெயரை அப்படியே கொடுக்காவிட்டால், எந்த எச்சரிக்கையும் இன்றித் தனி அணுவாக எடுத்துக்கொண்டுவிடும்.

கேட்டவர்

நீங்கள் சொன்னது உண்மைதான். வெறும் ‘ஹைட்ரஜன்’ என்றே பெயரிட்டிருந்தேன். திருத்தி மறுபடி ஓட்டினேன்; 24 என்பது 25 ஆயிற்று. பிழை ஒன்று போனது, நோய் போகவில்லை.

பதில் 3

நண்பரே, இரண்டு நிரல்களும் ஒரே வடிவமைப்பில் முரண்படுகின்றன என்றால், ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது எது என்று கேட்டுப் பாருங்கள். ஓப்பன்எம்சியின் மாறுநிலைக் கணக்கீட்டில் நியூட்ரான் உறிஞ்சப்படும்வரை அல்லது வெளியேறும்வரை பின்தொடரப்படுகிறது. எவ்வளவு நேரம் உலவியது என்பது அங்கே பொருட்டே அல்ல. ஜியன்ட்4-இல் கடிகாரம் உண்டு.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு நியூட்ரானின் தடமும் எந்தச் செயல்முறையால் முடிந்தது என்று எண்ணுங்கள். பிறகு, பிளவு நிகழ்ந்த நேரத்தைப் புரோட்டான் நுழைந்த கணத்திலிருந்து அளந்து ஒரு வரைபடமாகப் போடுங்கள். விடை அவ்விரண்டில் இருக்கும் என்பது என் ஊகம்.

கேட்டவர்

ஐயா, வரைபடத்தைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். பிளவுகள் 10 மைக்ரோ வினாடி வரை வந்து, அங்கே சுவர் எழுப்பியதுபோல் செங்குத்தாக நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. தடம் முடிந்த காரணங்களின் பட்டியலில் பிளவு, கவர்வு (பிளவின்றி உறிஞ்சப்படுதல்), வெளியேற்றம் ஆகியவற்றோடு ‘என் கில்லர்’ என்று ஒன்று இருக்கிறது. நியூட்ரான்களில் பெரும் பங்கு அதன் கணக்கில்தான் போகிறது.

பதில் 3

அதுதான் குற்றவாளி. ஏதோ ஓர் எடுத்துக்காட்டிலிருந்து ‘ஜி4 நியூட்ரான் டிராக்கிங் கட்’ என்ற வரியையும் சேர்த்துப் பிரதி எடுத்திருக்கிறீர்கள். துகள் இயற்பியல் உணர்விகளை உருவகப்படுத்துவோருக்குக் கணினி நேரத்தை மிச்சப்படுத்த வைக்கப்பட்ட ஏற்பாடு அது: எந்த நியூட்ரானும் 10 மைக்ரோ வினாடியைத் தாண்டினால் கொன்றுவிடும். அவர்களுக்கு அதற்குப் பிந்தைய நியூட்ரான் வெறும் இரைச்சல். உங்களுக்கோ அதுவே உலை. தூய நீரில் வெப்ப நியூட்ரான் ஒன்று உறிஞ்சப்படுமுன் சராசரியாக 200 மைக்ரோ வினாடி அலைகிறது. யுரேனியம் சேர்ந்த உங்கள் அமைப்பில் அது குறைந்தாலும் சில பத்து மைக்ரோ வினாடிகளுக்குக் கீழே போகாது. ஆகவே உங்கள் தொடர்வினை முதல் தலைமுறையிலேயே பாதியில் அறுந்துபோகிறது. கிடைத்த 25 பிளவுகளில் பெரும்பாலானவை வேக நியூட்ரான்கள் யுரேனியம் 238-இல் நிகழ்த்தியவையாகத்தான் இருக்கும்.

அந்த வரியை நீக்குங்கள், அல்லது காலவரம்பை 10 மில்லி வினாடியாக உயர்த்துங்கள். ஓட்டம் மெதுவாகும், ஒரே புரோட்டானின் சங்கிலி முழுவதும் ஒரே நிகழ்வுக்குள் அடங்குவதால் கே 1-ஐ நெருங்க நெருங்க நிகழ்வு நீண்டுகொண்டே போகும்.

கேட்டவர்

வரம்பை உயர்த்தினேன். இப்போது புரோட்டானுக்குச் சராசரியாக 139 பிளவுகள், ஈட்டம் 27.8. மிக்க நன்றி. ஒன்று மட்டும்: ஒரு புரோட்டான் ஒன்பது பிளவுகளோடு நின்றுவிட, இன்னொன்று ஐந்நூறைத் தாண்டுகிறது. மொத்தப் பிளவுகளின் வர்க்கமூலத்தைக் கொண்டு பிழையைக் கணக்கிட்டால் 0.3 விழுக்காடு வருகிறது. அதை ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில் 3

எழுதாதீர்கள். ஒரே சங்கிலியில் பிறந்த பிளவுகள் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை. அவற்றைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணக் கூடாது. புரோட்டான் ஒவ்வொன்றையும் ஒரு மாதிரியாக எடுத்து, நிகழ்வுகளுக்கிடையேயான விலகலிலிருந்து பிழையைக் கணக்கிடுங்கள். நீங்கள் போட்டதைவிடப் பல மடங்கு பெரிதாக வரும். அதேபோல் உங்கள் ஈட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வரும் கேயும் ஓப்பன்எம்சியின் கேயும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூல நியூட்ரான்கள் மையத்தில், வேகமாகப் பிறக்கின்றன, பிளவு நியூட்ரான்கள் அப்படிப் பரவுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் உங்கள் தணிப்பான் நீராக இருந்ததால் பிழை தன்னைக் காட்டிக்கொடுத்தது. பெல்ஜியத்தின் மோல் நகரில் உருவாகும் மிர்ரா என்ற முடுக்கி இயக்கும் உலை போன்ற, 600 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களும் ஈய-பிஸ்மத் குளிர்விப்பும் கொண்ட வேக அமைப்பில், ஒரு தலைமுறை ஒரு மைக்ரோ வினாடியை ஒட்டியே முடிந்துவிடும். அங்கே இதே வரம்பு விடையைப் பாதியாகவோ சற்றுக் கூடவோ குறைத்துக் காட்டியிருக்கும், கே 0.95-ஐவிடச் சற்றுக் குறைவாக அமைந்துவிட்டது போலும் என்று நீங்களே சமாதானம் சொல்லி வடிவமைப்பைத் திருத்தியிருப்பீர்கள். அடுத்து அப்படி ஒன்றைத் தொடும்போது, முதல் ஓட்டத்திலேயே அந்த நேர வரைபடத்தைப் போட்டுவிடுங்கள்.