இதய நோயாளிகள் நடக்க நல்ல பாதை எங்கே?
கோலாலம்பூர் நண்பர்களே, வணக்கம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்து, உடற்பயிற்சிக்கு மருத்துவரின் அனுமதியும் பெற்றவர்களுக்காக நடைக்குழு தொடங்குகிறோம். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மேடில்லாத, நிழலும் பெஞ்சும் உள்ள பாதை இருந்தால் சொல்லுங்கள். தித்திவங்சா ஏரி பட்டியலில் உண்டு. பத்துமலையின் 272 படிகள் இப்போதைக்கு வேண்டாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்!

முதல் 10 நிமிடம் மெதுநடை, அடுத்த 20 நிமிடம் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம், கடைசி 10 நிமிடம் மறுபடி மெதுநடை. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. அதனால் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகம் கூட்டக்கூடாது.

நெஞ்சு இறுகினால் உடனே உட்கார வேண்டும், விடாவிட்டால் அவசர எண் 999-ஐ அழைக்க வேண்டும். அதனால் ஆம்புலன்ஸ் வந்து நிற்க வழியுள்ள இடமாகப் பாருங்கள். மழை நாளுக்கு, காலையில் சீக்கிரம் திறக்கும் பேரங்காடி ஏதாவது தெரியுமா?