வெள்ளவத்தைக் கால்வாயை ஒல்லாந்தர் வெட்டினதாம்!

கிருலப்பனையான்:
ரெண்டு நாளாய் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுத்துது. "கொழும்பின்ர தெற்கால இருக்கிற வெள்ளவத்தைக் கால்வாய் ஒல்லாந்தர் வெட்டினது. அவங்கட கணக்குப்படி வெட்டினதால கடல் வாய், அதாவது கால்வாய் கடலில சேருற இடம், மண்ணால அடைபடாது. இப்ப இருக்கிறவங்கள்தான் கெடுத்தாங்கள்" எண்டு. படிச்சவையும் இதைப் பகிருகினம், அதுதான் எரிச்சல். வெள்ளவத்தையில கடலுக்கு வாய் வெட்டினது ஆங்கிலேயர் காலத்தில, 19ஆம் நூற்றாண்டில. வெட்டுவிச்சவர் சார்ள்ஸ் பீற்றர் லேயார்ட். கொழும்பு மாநகர சபையின்ர முதல் மேயரும் அவர்தான். சனம் அந்தக் கால்வாயை "லேயார்டின் முட்டாள்தனம்" எண்டு பேர் வைச்சு நக்கலடிச்சது. ஒல்லாந்தருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பழையகொழும்பு:
அந்தச் செய்தியை எழுதியது நான்தான். ஒளிந்து பேச வேண்டாம், பெயரைச் சொல்லியே கேளுங்கள். 1656 முதல் 1796 வரை 140 வருடம் கொழும்பை ஆண்டவர்கள் ஒல்லாந்தர். கால்வாய் வெட்டுவது அவர்களுடைய பிறவித் தொழில். கொழும்பிலுள்ள சான் செபஸ்தியான் கால்வாய் யாருடையது? நீர்கொழும்புக்குப் படகு போன கால்வாய் யாருடையது? வெள்ளவத்தை மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா?

கிருலப்பனையான்:
நான் கேட்டது வெள்ளவத்தை. நீங்கள் நீர்கொழும்புக்குப் போறியள். சரி, அங்கயே வாறன். முத்துராஜவெல சதுப்புக்கு மேற்கால ஓடுற ஹமில்டன் கால்வாயையும் சனம் "டச்சுக் கால்வாய்" எண்டுதான் சொல்லுது. அது 1802இல தொடங்கி 1804இல முடிஞ்சது, ஆங்கிலேயர் வெட்டினது. பழசாய்த் தெரியிறதெல்லாம் ஒல்லாந்தர் வேலை எண்டு நினைக்கிற பழக்கம் இது. கொழும்பு நடுவில இருக்கிற பேரை வாவி கூட போர்த்துக்கேயர் கோட்டையைக் காக்கத் தண்ணியை மறிச்சதில தொடங்கினது.

மட்டுவாவி:
யாரு வெட்டினா என்ன? அடைபட்டா யாரு திறக்கிற எண்டதுதான் பேச்சு. எங்கட பக்கம் ஆத்துவாய் வெட்டுற நேரம் பெரிய சண்டையே நடக்கும். வயல்காரர் உடனே வெட்டுங்க எண்டுவாங்க, வாவியில மீன் பிடிக்கிறவங்க பொறுங்க எண்டுவாங்க. வெள்ளைக்காரன்ட பேரை ஒருத்தரும் இழுக்கிறல்ல.

பழையகொழும்பு:
மட்டக்களப்பு வேறு, கொழும்பு வேறு. தலைப்பைத் திருப்ப வேண்டாம். ஒல்லாந்தர் வெட்டியதுதான்.

கிருலப்பனையான்:
மட்டுவாவி, உங்கட கேள்வி நியாயம். ஆனால் வெட்டினவர் ஆர் எண்டதும் முக்கியம், ஏனெண்டு சொல்லுறன். கொழும்பின்ர தண்ணி வடக்கால களனிக்கும் முகத்துவாரத்துக்கும் போகவேணும், இல்லாட்டில் தெற்கால வெள்ளவத்தைக்கும் தெகிவளைக்கும் போகவேணும். களனி ஆறு பெருகினால், அதுக்குப் போற வடக்குக் கதவை மூடியே ஆகவேணும். திறந்து வைச்சால் ஆத்துத் தண்ணி நகருக்குள்ள ஏறும். அந்த நேரம் வெள்ளவத்தை வாய்க்கு வாற கிருலப்பனைக் கால்வாய்தான் பெரும் சுமையைத் தெற்கே கொண்டுவரும். நிலம் கிட்டத்தட்டத் தட்டை, சரிவே இல்லை. வாயில ஒரு மண் திட்டு நிண்டால் உள்ளுக்குக் கொலன்னாவை வரைக்கும் மட்டம் ஏறும். அலை மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். ஆர் வெட்டினாலும் அடைபடும், மண் அள்ளுற பெக்கோ இயந்திரத்தை இறக்கித் திறக்கவேணும். "அடைபடாத ஒல்லாந்தர் வாய்" எண்டு எழுதினால், திறக்கவேண்டிய அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்.

வெல்லம்பிட்டிக்காரி:
2016 மே மாசம் எங்கட ஊட்டுக்குள்ள தண்ணி ஏறின நேரம் நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க? மேட்டுல இருந்துக்கிட்டு ஒல்லாந்தர், லேயார்ட் எண்டு எழுதுறது லேசு. சுவருல இன்னும் சேத்துக் கோடு இருக்கு.

கிருலப்பனையான்:
தங்கச்சி, உங்களுக்காகத்தான் இதை எழுதுறன். 2016இல உங்கட பக்கம் வந்தது களனி பெருகின தண்ணி. 1992 ஜூன் 4 வேற கதை. கொழும்பில ஒரே நாளில 490 மில்லிமீற்றருக்கு மேல கொட்டினது. ஆறு பெருக முதலே நகர் மூழ்கினது. 2010 நவம்பரில பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணி. பாராளுமன்றத்தைச் சுத்தியிருக்கிற தியவன்னா வாவியைச் சுத்தி இருந்த வயலையும் சதுப்பையும் நிரப்பினால் தண்ணி எங்க காத்திருக்கும்?

வெல்லம்பிட்டிக்காரி:
நான் உங்கட தங்கச்சி இல்ல. எனக்குப் பேரப்புள்ள இருக்கு. மரியாதையா எழுதுங்க.

மரைன்டிரைவ்:
எல்லாரும் வரலாறு பேசுறீங்க. பின்னேரம் பாலத்துப் பக்கம் நடக்க முடியல, அவ்வளவு நாத்தம். மலக்குழாயை அந்த வாயிலதான விட்டிருக்காங்க?

கிருலப்பனையான்:
இல்லை. அது வேற, இது வேற. மலக்கழிவுக் குழாய் வெள்ளவத்தையிலயும் முகத்துவாரத்திலயும் கடலுக்குள்ள ஒரு கிலோமீற்றருக்கு மேல போய்த்தான் விடுது. கால்வாயில நாறுறது, மழைக் கானுக்குள்ள களவாய்க் குழாய் பொருத்தின மாடிவீடுகளின்ர கழிவு. உங்கட கட்டடத்தின்ர குழாய் எங்க போகுது எண்டு முதல்ல பாருங்கோ.

மரைன்டிரைவ்:
எங்க கட்டடத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பார்க்காம பழி போடாதீங்க.

பழையகொழும்பு:
இதுதான் இவருடைய வழக்கம். போன மாதம் பேரை வாவி விவாதத்திலும் இப்படித்தான் எல்லாரையும் கடிந்துவிட்டுக் கடைசியில் காணாமற்போனார். நான் கேட்ட ஆதாரம் இன்னும் வரவில்லை. ஒல்லாந்தர் கால்வாய் இல்லாமல் கொழும்பே இல்லை.

கிருலப்பனையான்:
பேரை வாவியில ஆதாரம் தந்தனான், நீங்கள் வாசிக்கேல்லை. கொழும்பில ஒல்லாந்தர் கால்வாய் இருக்குது, ஆர் இல்லையெண்டது? வெள்ளவத்தைக் கடல் வாய் அவையின்ரை இல்லை. லேயார்ட். லேயார்ட். இன்னும் எத்தனை தரம் எழுத?

மட்டுவாவி:
2018இல கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின்ட கீழ ராம்சார் ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் கிடைச்ச. அந்தச் சதுப்பைக் காப்பாத்துறதைப் பத்தி ஒருத்தராவது எழுதுங்கோவன்.

பழையகொழும்பு:
பிறகு பார்ப்போம். வீட்டில் பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது. நாளை படம் பிடித்துப் போடுகிறேன். ஒல்லாந்தர்தான்.

கிருலப்பனையான்:
போடுங்கோ. அதில வெள்ளவத்தைக் கடல் வாய் தெரியவேணும். பேரை வாவியைக் காட்டிப்போட்டு வெண்டிட்டன் எண்டு எழுதக் கூடாது.

வெல்லம்பிட்டிக்காரி:
வரைபடத்தை விடுங்க. இந்த மழைக்கு முந்தி வாயில இருக்கிற மண்ணை அள்ளுறாங்களா இல்லையா? அதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

பழையகொழும்பு:
ஒல்லாந்தர் காலத்தில் அள்ள வேண்டியே வரவில்லை.

கிருலப்பனையான்:
ஏனெண்டால் அப்ப அந்த வாயே இல்லை!