ஓரிதழ் தாமரை இலையில நிக்கல் டெஸ்ட், நிறமே வரல, உதவி வேணும்

எம்.எஸ்சி ப்ராஜெக்ட் நடுவுல நிக்குது. 1977-ல ராபர்ட் ப்ரூக்ஸ் குழு எழுதின பேப்பர்படி காஞ்ச இலையில கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல நிக்கல் இருந்தா அது ஹைப்பர்அக்யூமுலேட்டர் (உலோகத்த அளவுக்கு மீறி உறிஞ்சி சேர்த்து வைக்கிற செடி), அந்த மாதிரி செடிய எரிச்சு சாம்பல்ல இருந்து உலோகமே எடுக்கலாம். இலங்கை உஸ்ஸங்கொடையில நிக்கல் அதிகமா இருக்குற பாறை மண்ணுல நம்ம ஓரிதழ் தாமரையும் அந்த லிஸ்ட்ல வருது, சித்த மருந்துக்குப் பறிக்கிற அதே செடிதான்! சேலம் மேக்னசைட் பக்கமும் அதே வகை பாறைதானேன்னு மழை முடிஞ்சதும் அங்க இருந்து இலை எடுத்தேன்.

நிக்கல் பட்டா பிங்க்-சிவப்பா மாறுற டைமெத்தில்கிளையாக்சைம் 1%, எத்தனால்ல கரைச்சு ஃபில்டர் பேப்பர்ல நனைச்சு காயவச்சு, பச்சை இலைய நசுக்கி அழுத்தினா வெறும் பச்சைக் கறைதான், பிங்க் துளிகூட இல்ல. நிக்கல் சல்ஃபேட் சொட்டு விட்டா அதே பேப்பர் பளிச்சுனு சிவக்குது, அதனால ரீஏஜென்ட் மேல சந்தேகமில்ல. சாம்பலாக்கி ஆசிட்ல கரைச்சும் பார்த்தேன், அம்மோனியா விட்டதும் பழுப்பா கலங்குது, இரும்புன்னு நினைக்கிறேன், சிட்ரேட் போட்டா கலங்கல் போகுது ஆனா சிவப்பு வரல. காலேஜ்ல உலோக அளவ அளக்குற ஏஏஎஸ் மெஷின் ரிப்பேர், வெளிய அனுப்ப காசில்ல.

சேலம் பக்கத்துச் செடியில யாராவது நிக்கல் அளந்து பார்த்திருக்கீங்களா, எவ்வளவு வந்துச்சு?