மெதுவாகச் செல்லும்போது ஸ்டீயரிங் கடினமாக இருக்கிறது: முழு அசெம்பிளியையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ள, 2014 ஆம் ஆண்டுத் தயாரிப்பான சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி ஓட்டி வருகிறேன். சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு, வண்டியை நிறுத்தும்போதும் குறுகலான தெருவில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போதும் ஸ்டீயரிங் மிகவும் கடினமாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் அந்தக் கனம் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் வளைவில் திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் நின்றுவிடுகிறது. நான்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பட்டறையில் காட்டியபோது, மோட்டாருடன் சேர்த்து முழு ஸ்டீயரிங் அசெம்பிளியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். தோள்வலி உள்ள என் தாயாரும் இந்த வண்டியை ஓட்டுவதால் தள்ளிப்போட மனமில்லை. அதே சமயம், காரணம் உறுதியாகத் தெரியாமல் அவ்வளவு பெரிய செலவைச் செய்யவும் தயக்கமாக இருக்கிறது. முதலில் எவற்றைச் சோதிக்கலாம்?

மறுமொழி 1

முதலில் டயர் காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவுக்குக் குறைவாக இருந்தால், நின்ற இடத்தில் திருப்புவது நிச்சயம் கனமாகும்.

அடுத்தது மின்சாரம். வண்டி நின்றிருக்கும்போது டயர் உருளாமல் தரையில் உரசியபடி திரும்புவதால், ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் மோட்டாருக்கு மிக அதிகமான வேலை அப்போதுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் அது பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். எனவே பேட்டரி தளர்ந்திருந்தாலும், பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தாலும், எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் குறை முதலில் தெரிவது நிறுத்துமிடத்தில்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் மல்டிமீட்டரைப் பார்க்கட்டும். வோல்ட் 12-ஐ நோக்கிச் சரிந்து அங்கேயே நின்றால் பேட்டரியையும் அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் கவனிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே பலமுறை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால், மோட்டார் சூடேறாமல் இருப்பதற்காக அமைப்பே உதவியைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், சோதனையைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னவை சரியானவை. செலவில்லாதவை என்பதால் அவற்றையே முதலில் செய்யுங்கள். ஆயினும், உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். மோட்டாரின் உதவி மட்டும் குறைந்திருந்தால் திருப்புவது கனமாக இருக்குமே தவிர, ஓடும் வண்டியின் சக்கரங்கள் ஓரளவுக்காவது தாமாக நேருக்கு வந்துவிடும். திருப்பிய இடத்திலேயே நிற்கிறது என்றால், எங்கோ ஓர் இணைப்பு இறுகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியாததும் இதனோடு பொருந்துகிறது, ஏனெனில் துருவைக் கண்டுபிடிக்க எந்த சென்சாரும் இல்லை.

முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தி, ஸ்டீயரிங் பூட்டு விழாதபடி சாவியை வைத்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். மோட்டாரும் சேர்ந்து சுழல்வதால் சற்றுக் கனம் இருப்பது இயல்பு. அது எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றில் எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் இறுகி, நடுவில் தளர்ந்தால், இடைத்தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் (தண்டு மடங்கிய நிலையிலும் சுழல உதவும் மூட்டு) மீதுதான் சந்தேகம் வர வேண்டும். மிதியடிகளுக்கு அருகிலிருந்து ரேக் (முன்சக்கரங்களை இடம் வலமாகத் திருப்பும் பற்சட்டம்) வரை செல்லும் அந்தத் தண்டின் கீழ் ஜாயிண்ட் பல வண்டிகளில் மழைநீரும் சேறும் படும் இடத்தில் இருக்கிறது. திருப்பும்போது முன்புறம் ‘டக்’கென்று ஒலி கேட்டால் ஸ்ட்ரட் எனப்படும் முன்சக்கர அதிர்வுதாங்கியின் மேல்முனை பேரிங்கையும் பால் ஜாயிண்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்டைக் கழற்றுவதற்கு முன் ஜாயிண்டும் ரேக்கும் சேரும் இடத்தில் பெயிண்டால் அடையாளம் வையுங்கள். ஸ்டீயரிங் தனியாகச் சுழன்றுவிடாமல் கட்டியும் வையுங்கள். கட்டாமல் விட்டு அது பல சுற்றுகள் சுழன்றுவிட்டால், ஏர்பேக்குக்குச் செல்லும் சுருள் கேபிள் அறுந்துபோகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. காற்றழுத்தமும் வோல்ட்டும் சரியாகவே இருந்தன. வேறொரு மெக்கானிக்கிடம் சென்று, நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டி, சக்கரங்களைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். எதிரெதிரான இரண்டு இடங்களில் தெளிவாகவே இறுகியது. தண்டைக் கழற்றியபோது கீழ் ஜாயிண்ட் ஒரு திசையில் கையால் மடக்கவே முடியாத அளவுக்குத் துருவேறியிருந்தது. ரேக்கும் மோட்டாரும் இலகுவாகச் சுழன்றன. துரு நீக்கும் எண்ணெய் ஊற்றிப் பலமுறை அசைத்து மீண்டும் பூட்டியதில் ஸ்டீயரிங் வெகுவாக இலகுவாகிவிட்டது. இப்படியே ஓட்டலாமா, அல்லது தண்டை மாற்றிவிட வேண்டுமா?

மறுமொழி 2

மாற்றிவிடுங்கள். அந்த எண்ணெய் உள்ளே இருந்த கிரீஸையும் கரைத்திருக்கும் என்பதால், ஜாயிண்ட் மீண்டும் இறுகும் வாய்ப்பு அதிகம். தேய்ந்த ஜாயிண்டில் ஆட்டமும் கூடும். ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட பாகத்தில் அப்படிப்பட்ட குறையை விட்டுவைப்பது சரியல்ல. முழு அசெம்பிளியின் விலையோடு ஒப்பிட்டால் இடைத்தண்டின் விலை சிறிதே. உங்கள் மாடலில் அது தனியாகக் கிடைக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாகக் கடையில் கேளுங்கள். பூட்டும்போது பழைய போல்ட்டுக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். நேராக ஓடும்போது ஸ்டீயரிங் சாய்ந்து நின்றால், அலைன்மென்ட் செய்வதற்கு முன் நீங்கள் வைத்த அடையாளத்தைச் சரிபாருங்கள்.