நேரான மரத்தைக் கடையிலேயே அறிவது எப்படி?

கேள்வி (உடுமலைப்பேட்டை):
வணக்கம். எங்கள் தோட்டத்தில் கட்டிவரும் வீட்டின் திண்ணைக்கு ஓட்டுக்கூரை போடவிருக்கிறோம். அதற்கு 12 அடி நீளத்தில், 5 அங்குலத்துக்கு 3 அங்குலமாக 20 கைமரங்களும், தலைவாசலுக்கு ஒரு தேக்கு நிலவும் (கதவு பொருத்தும் சட்டம்) வாங்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் மாட்டுக் கொட்டகைக்கு வாங்கிய மரங்கள், இறக்கிய அன்று நூல் பிடித்தாற்போல் இருந்தன. ஆடிக் காற்று ஓய்வதற்குள் பாதி மரங்கள் முறுக்கிக்கொண்டு ஓடுகள் விலகியதால், ஐப்பசி மழை முழுவதும் மாடுகள் நனைந்தே நின்றன. இம்முறை வாங்கும்போதே எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1 (தச்சர், பொள்ளாச்சி):
மரத்தின் ஒரு முனையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு வழியே மறுமுனையைப் பாருங்கள். நான்கு விளிம்புகளையும் அவ்வாறே பார்க்க வேண்டும். முறுக்கை அறிய, இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு நேரான ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு மற்றொன்றோடு இணையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சிறிது வளைந்த கைமரத்தை வளைவு மேலாக வரும்படி வைத்துச் சமாளித்துவிடலாம். முறுக்கிய மரத்தின்மேல் ரீப்பரும் ஓடும் ஒருபோதும் படிந்து உட்காரா என்பதால், அதை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பதில் 2 (கோபிசெட்டிபாளையம்):
தச்சர் ஐயா கூறியது இன்றைய நேர்மையைக் காட்டும். நாளையும் நேராக இருக்குமா என்பதை வெட்டுமுகம்தான் சொல்லும். காயும்போது மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவும், வளர்ச்சி வளையங்களின் போக்கில், அவற்றுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகவும் சுருங்கும். ஆகவே மரத்தின் நடுப்புள்ளி உள்ளே அடங்கிய துண்டு வெடிக்காமல் காய்வது அரிது. ஒரு விளிம்பு மட்டும் நடுப்புள்ளியை ஒட்டி அமைந்த துண்டும் ஒருபக்கமாக வளையும். இளந்தேக்கில் வைரம் (உள்ளேயுள்ள முற்றிய மரம்) குறைவு, வெளிறு (வெளிப்புற இளமரம்) அதிகம். நிலவுக்கு அது வேண்டாம். மேற்பரப்பிலுள்ள மயிரிழை வெடிப்புகளையும் கவனியுங்கள். அவை மரத்தின் ரேகையின் (நாரோட்டத்தின்) வழியே ஓடுபவை. நீளவாக்கில் செல்லாமல் சாய்ந்து சென்றால் அந்த மரம் பின்னாளில் முறுக்கும். உங்கள் கொட்டகை மரங்களில் இந்தச் சாய்வு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பதில் 3 (ஆனைமலை):
பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஈர மரத்தின் மேற்புறத்தை மட்டும் விரைந்து உலர்த்திவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். ஈரப்பதம் 12 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா என்று மானியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வாங்கியதைச் சுவரில் சாய்த்து வைக்காமல், நிழலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டடிக்கு ஒன்றாக ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை நேருக்கு நேர் இட்டு அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். முனைகளில் பெயிண்ட் பூச வேண்டும். நிலவு வைக்க நாள் குறித்த பிறகு அவசரமாக மரம் தேடுவதே நம் பக்கத்தில் பெருந்தவறு. மரம் காய்ந்த பிறகு நாள் குறியுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நிலவுக்கு ஆவணியில் நாள் பார்த்திருந்தோம். அதைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்க வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். திங்கட்கிழமை எங்கள் ஆசாரியுடன் கடைக்குச் செல்கிறேன். தேறுபவை பன்னிரண்டே ஆனாலும் அவற்றை மட்டும் எடுத்துவந்து, மீதியை அடுத்த லோடு வரும்போது பார்த்துக்கொள்வோம்.