சிடி பிளேயர்: முதல் பாட்டுகள் நன்றாக ஓடுகின்றன, பாதிக்கு மேல் தாவுகிறது

கேட்பவர்: ரசிகன்78

வணக்கம். வீட்டு ஸ்டீரியோவோடு வைத்திருக்கும் பழைய சிடி பிளேயர் கொஞ்ச நாளாகப் படுத்துகிறது. ஒரிஜினல் சிடி போட்டால் முதல் ஐந்தாறு பாட்டு வரை ஒரு குறையும் இல்லை, அதற்கு மேல் போனால் ஒரே இடத்தில் சிக்கித் திரும்பத் திரும்ப ஓடுகிறது அல்லது நாலு வரி தாண்டிப் போய்விடுகிறது. கணினியில் நானே பதிந்த சிடிகளைப் போட்டால் சில நேரம் 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. லென்ஸ் போய்விட்டதா, இல்லை மோட்டாரா? கழற்றிப் பார்க்கத் தயார், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

பதில்: சாலிடர்_வாசம்

எல்லா சிடியிலும் அப்படித்தானா என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு சிடி என்றால் அது கீறல், பிளேயரைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றிலும் என்றால் கழற்றலாம், ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. லென்ஸைப் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடையுங்கள், அழுத்தவே கூடாது, அது மெல்லிய கம்பிகளில் தொங்குகிற பொருள். பிரஷ் ஒட்டிய கிளீனிங் சிடியை நான் யாருக்கும் சொல்வதில்லை. மூடி திறந்திருக்கும்போது ஓட்டிப் பார்த்தால் லென்ஸுக்கு நேராகக் கண்ணை வைக்காதீர்கள். அது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், மங்கலாய்ச் சின்னச் சிவப்புப் புள்ளிதான் தெரியும், அதை நம்பி உற்றுப் பார்ப்பது ஆபத்து.

பதில்: பழைய_ஆம்ப்

லென்ஸைத் துடைப்பது சரி, ஆனால் நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு என் சந்தேகம் பிக்கப் (லென்ஸும் லேசரும் சேர்ந்த, சிடியைப் படிக்கிற பகுதி) நகர்கிற பாதை மேல்தான். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது, ரெக்கார்டுக்கு நேர் எதிர். அதனால் முதல் பாட்டுகள் ஓடுகின்றன என்றால் பிக்கப் உள் ஓரத்தில் இருக்கும்போது எல்லாம் சரி, வெளியே நகர நகரத் திணறுகிறது என்று அர்த்தம். பல வருடக் கிரீஸ் காய்ந்து பசை மாதிரி ஆகிவிடும். பிக்கப் நகர மறுக்கும்போது லென்ஸ் தன்னால் முடிந்தவரை ஒரு பக்கமாக எட்டிப் பிடிக்கும், எட்ட முடியாத இடத்தில் பாட்டு தாவும். மின்சாரம் இல்லாமல் பல்சக்கரத்தை விரலால் உருட்டி, பிக்கப்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கொண்டுபோங்கள். எங்கேயாவது இறுகினால் அங்கேதான் வியாதி. இதுவே முதல் பாட்டுகள் மட்டும் தாவி, கடைசிப் பாட்டுகள் ஒழுங்காக ஓடியிருந்தால் தட்டைச் சுற்றுகிற மோட்டாரைச் சந்தேகப்பட்டிருப்பேன், ஏனென்றால் உள்ளே நிமிடத்துக்கு 500 சுற்று வரை வேகம் வேண்டும், வெளி ஓரத்தில் 200 போதும்.

பழைய கிரீஸை முழுக்க வழித்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் கிரீஸைத் துளி போடுங்கள். பிக்கப் நகர்கிற கம்பிக்கும் சக்கரப் பல்லுக்கும் மட்டும். லென்ஸிலோ ட்ரே பெல்ட்டிலோ படக்கூடாது.

ரசிகன்78

ரொம்ப நன்றி சார். பாதி தூரத்தில் சக்கரம் நன்றாகவே இறுகியது, பல்லிடுக்கில் பழுப்பாகக் கெட்டிப்பட்டிருந்தது. சுத்தம் செய்து போட்டதும் ஒரிஜினல் சிடி கடைசிப் பாட்டு வரை ஓடுகிறது! நான் பதிந்த சிடி மட்டும் இன்னும் அடம் பிடிக்கிறது. பிக்கப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கிறதே, அதைத் திருப்பிப் பார்க்கலாமா?

பதில்: பழைய_ஆம்ப்

தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது லேசரின் மின்னோட்டத்தை நிர்ணயிக்கிறது, அளவுமானி இல்லாமல் ஏற்றினால் கொஞ்ச நாள் நன்றாக ஓடிவிட்டு டயோடு எரிந்துபோகும். முதலில் அந்த சிடிகளைப் பாருங்கள்: ஆடியோவாகப் பதிந்தீர்களா, எம்பி3 கோப்புகளாகவா? பதிந்து முடித்து 'ஃபைனலைஸ்' செய்தீர்களா, அதாவது பதிவை முடித்து சிடியை மூடினீர்களா? இரண்டில் ஒன்று தவறினாலும் பழைய பிளேயருக்குப் புரியாது. அழித்து எழுதும் சிடி என்றால் அது 15 முதல் 25 சதவீதம் வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும், பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு அது போதாது.

பதில்: சாலிடர்_வாசம்

எல்லாம் சரியாக இருந்தும் படிக்கவில்லை என்றால் லேசர் தளர்ந்திருக்கலாம், பிக்கப் மாற்ற வேண்டியதுதான். பழையதில் அச்சிட்ட எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டு வாங்குங்கள். புதிய பிக்கப்பில் பல நேரம் நிலைமின்சாரத்துக்குக் காவலாக ஒரு சாலிடர் பொட்டு வைத்திருப்பார்கள், ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அதை எடுத்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் புது பிக்கப்பும் 'நோ டிஸ்க்' தான் காட்டும்.